டாக்டரம்மா சொன்ன சத்தம்

கியர்பாக்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். பேரிங் தேய்ந்த சத்தத்தை மற்ற சத்தங்களிலிருந்து எப்படிப் பிரித்துக் கேட்பது? உள்ளே இருப்பதில் எந்தப் பேரிங் என்று எப்படிச் சொல்வது? பத்து நிமிடத்தில் சொல்லித் தந்துவிடலாம். உங்கள் பட்டறையில் இருப்பவர்களே சொல்லித் தருவார்கள். அதனால் அதை விட்டுவிட்டு, வண்டிக்குச் சொந்தக்காரர் எல்லா அடையாளத்தையும் சரியாகச் சொல்லியும் நான் கோட்டைவிட்ட ஒரு பேரிங்கைப் பற்றி எழுதுகிறேன். இதை வெளியே சொல்ல எனக்குச் சில வருடங்கள் தேவைப்பட்டன.

தஞ்சாவூரில் பட்டுக்கோட்டை சாலையில் எங்கள் பட்டறை இருந்தது. நானும் முருகையனும் கூட்டு. அவனுக்கு ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவன். என்ஜின் வேலை அவனுடையது, கியர்பாக்ஸ் என்னுடையது. இருபது வருடம் வண்டிக்கு அடியில் ஒரே பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்திருக்கிறோம்.

எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது எப்படி வந்தது என்றால், ஒரு வருடம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வேன், எங்கள் வாசலில் டயருக்குக் காற்றுப் பிடிக்க நின்றது. நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்ஜினை நிறுத்தாமல் விட்டிருந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய், "இந்த வண்டிய எடுக்காதீங்க, கியர்பாக்ஸ்ல பேரிங் உடையப் போவுது" என்றேன். டிரைவர் சிரித்தார். கழற்றிக் காட்டியபோது உள்ளே பேரிங்கின் இரும்புக் குண்டுகளில் இரண்டு பிளந்து கிடந்தன. வேனில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து, "அவரு காதால கேட்டாப் போதும், கழட்டவே வேணாம்" என்று ஊரில் பேச்சு. ஊரைக் காட்டிலும் நான்தான் அதை அதிகமாக நம்பினேன்.

இனி டாக்டரம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் பெயர் ஹசீனா. ஒரத்தநாட்டுக் கல்லூரியில் மாட்டு வைத்தியம் படித்துவிட்டு, அங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். வளைகுடாவில் இருந்து திரும்பிய அவருடைய அத்தா வாங்கிக் கொடுத்த சின்னக் கார் ஒன்று வைத்திருந்தார். மருந்துப் பெட்டி, கயிறு, முழங்கைவரை போடும் கையுறை எல்லாம் அதன் பின்சீட்டில் கிடக்கும். வண்டிக்குள் எப்போதும் டெட்டாலும் வைக்கோலும் கலந்த ஒரு வாசனை இருக்கும்.

ஒரு தை மாதம் காலையில் வண்டியைக் கொண்டுவந்தார். சம்பா அறுவடைக்காக முருகையன் ஊருக்குப் போயிருந்தான். பட்டறையில் நான் மட்டும் இருந்தேன்.

"அண்ணே, நியூட்ரல்ல போட்டு நிக்கிறப்ப உள்ளேருந்து மெல்லிசா கீச்சுனு ஒரு சத்தம் வருது. கிளட்ச்ச மிதிச்சா நின்னுடுது. காலை எடுத்தா மறுபடியும் வருது. ஒரு மாசமாவே இருக்கு" என்றார்.

இந்த நாலு வரியை நீங்கள் திரும்பப் படியுங்கள். கிளட்ச்சை மிதிக்காதபோது என்ஜின் கியர்பாக்ஸின் முதல் ஷாஃப்டைச் சுற்றுகிறது. மிதித்தால் அந்த ஷாஃப்ட் நின்றுவிடுகிறது. ஷாஃப்ட் நிற்கும்போது சத்தமும் நிற்கிறது என்றால், அதைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு மெக்கானிக் சொல்ல வேண்டியதை அந்தம்மாவே முழுதாகச் சொல்லிவிட்டார். என் காதில் வார்த்தைகள் விழுந்தன. நான் அவற்றை மனதில் வாங்கவில்லை. அவர் பேசி முடிக்கட்டும், நானே கேட்டுக்கொள்கிறேன் என்ற நினைப்பு.

என்ஜினை ஓடவிட்டு ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கியர்பாக்ஸ் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்டேன். என்ஜின் துடிப்பு தவிர ஒன்றும் இல்லை. புது ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் இல்லை.

"கியர்பாக்ஸ்ல ஒண்ணுமில்லைங்க டாக்டரம்மா. ஏதாவது பெல்ட் சத்தமா இருக்கும். பயப்படாம ஓட்டுங்க."

"இப்பகூட கேக்குதேண்ணே. உங்களுக்குக் கேக்கலையா?"

நான் சிரித்தேன். "இத்தன வருஷமா கியர்பாக்ஸோடதான் குடித்தனம் பண்றேன். இருந்தா எனக்குக் கேக்காதுங்களா?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். மாட்டின் விலாவில் காதுக்குழாயை வைத்து மூச்சுச் சத்தத்தைப் பிரித்துக் கேட்கிறவர் அவர். என்னிடம் வாதாட நினைத்திருந்தால் வாதாடியிருக்கலாம். "சரிண்ணே, நீங்க சொன்னா சரிதான்" என்று ஏறிப் போய்விட்டார்.

கியர் ஆயிலை வடித்துப் பார்த்திருந்தால் போதும். பேரிங் அரைபட்டிருந்தால் ஆயிலில் வெள்ளிப் பொடி மாதிரி மின்னும். அதற்கு எந்தக் காதும் வேண்டாம், கண் போதும். நான் வடிக்கவில்லை. என் காது சொன்ன பிறகு ஆயிலைப் பார்ப்பது எனக்கே மரியாதைக் குறைவாகப் பட்டது.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு பகல் பொழுதில் அவரிடமிருந்து போன் வந்தது. பக்கத்தில் முருகையன் ஒரு வண்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா என்ன சொன்னார் என்பது எனக்குப் பாதிதான் பிடிபட்டது. இன்னொரு தடவை கேட்கக் கூச்சம். அதற்கு முன் சில வருடங்களாகவே போனில் யார் பேசினாலும் எனக்கு இப்படித்தான் இருந்தது. டவர் சரியில்லை என்று சொல்லிக்கொள்வேன். கடைசியில் அவர் ஏதோ கேள்வி கேட்ட மாதிரித் தெரிந்தது. "சரிங்க, சரிங்க, ஓட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

நடந்தது இதுதான். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வசந்தா என்ற பெண்ணின் பசு கன்று போட முடியாமல் தவித்தது. கன்றின் முன்னங்கால் மடங்கி வழியில் மாட்டிக்கொண்டது. முந்தின நாள் முற்பகலில் டாக்டருக்குப் போன் செய்திருக்கிறார்கள். அவர் உடனே கிளம்பிவிட்டார். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். அதற்கு ஒதுங்கிப் போகும்போது கியர்பாக்ஸுக்குள் பேரிங் நொறுங்கி, துண்டுகள் பல்சக்கரத்தில் சிக்கி, முன் சக்கரங்கள் இறுகிவிட்டன. கிளட்ச்சை மிதித்தாலும் அவற்றுக்கு விடுதலை கிடையாது. வண்டி நெல்லின் மேல் சறுக்கி, வாய்க்கால் கரையில் முன்சக்கரம் தொங்க நின்றது. நெற்றியில் சின்னக் காயத்தோடு அவர் தப்பினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து, வழியில் யாரோ ஒருவரின் வண்டியில் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கன்று உள்ளேயே செத்துவிட்டது. அதை எடுத்தார். மாடும் பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது.

இதெல்லாம் வண்டியை இழுத்துவந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டுக்கொண்டே நான் மனதுக்குள் சாக்குத் தேடினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயில் குறைந்திருக்கும். கிராமத்துச் சாலை. அந்தம்மா வேகமாக ஓட்டியிருப்பார்.

முருகையனும் நானும் கியர்பாக்ஸை இறக்கித் திறந்தோம். ஆயில் கறுத்து, சாம்பல் கரைத்த மாதிரி இருந்தது. குண்டுகளைப் பிடித்துவைக்கும் தகடு நாலாக உடைந்திருந்தது. குண்டு ஓடும் பாதை முழுவதும் அம்மைத் தழும்பு. ஒரு நாளில், ஒரு வாரத்தில் வருகிற தேய்மானம் இல்லை அது. தை மாதம் அந்த வண்டி என் முன்னால் நின்றபோதே இந்தத் தழும்பு இருந்திருக்கிறது.

"அன்னிக்கு எனக்கு எதுவுமே கேக்கலையேடா முருகையா" என்றேன்.

அவன் அலமாரியில் இருந்து ஒரு பழைய பேரிங்கை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தான். என்னை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னான். நின்றேன்.

"எப்ப சத்தம் கேக்குதோ சொல்லுங்கண்ணே."

நான் காத்திருந்தேன். சாலையில் ஒரு பஸ் போனது. கொஞ்ச நேரம் கழித்து, "சுத்துடா" என்றேன்.

"சுத்திக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்."

திரும்பிப் பார்த்தேன். என் பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தப் பேரிங் அவன் விரலில் சுழன்றுகொண்டிருந்தது. மணல் அரைபடுகிற மாதிரி அது சத்தம் போட்டிருக்கும். எனக்கு எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியும்ணே" என்றான். "ரெண்டு வருஷமாத் தெரியும். அந்த டாக்ஸிக்காரரு வண்டி ஞாபகம் இருக்கா? ஒண்ணுமில்லன்னு அனுப்பச் சொன்னீங்க. நீங்க வீட்டுக்குப் போனப்புறம் ராத்திரியோட ராத்திரியா நான் பேரிங்க மாத்தி வச்சேன். அப்புறமும் மூணு நாலு வண்டி அப்படித்தான்."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"எப்படிண்ணே சொல்றது? உங்க காதுக்குன்னுதானே மன்னார்குடிலேருந்தெல்லாம் வண்டி வருது. நான் பக்கத்துல இருக்கிற வரைக்கும் பாத்துக்கலாம்னு இருந்தேன். அறுப்புக்குப் போன அந்த நாலு நாள்ல இது வரும்னு நெனக்கலண்ணே."

அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அவன்மேல் கோபமும் வரவில்லை. இரண்டு வருடமாக நான் சரியாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு வண்டியும் மனதில் வரிசையாக வந்து நின்றது. எது நான் சொன்னது, எது அவன் மாற்றி வைத்தது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் டாக்டரம்மா வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. எங்களைத் திட்ட வந்திருப்பார் என்று நினைத்தேன். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கடிதம்.

"ஊர்ல எங்க மேல் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்துட்டாங்கண்ணே. டாக்டர் சொந்த வேலையா வெளியூர் போயிட்டு மூணு மணி நேரம் கழிச்சு வந்தாங்கன்னு. நாளைக்கு விசாரணை. வண்டி வழியில நின்னுடுச்சுன்னு உங்க பட்டறைத் தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

எழுதினேன். இன்ன எண்ணுள்ள வண்டி கியர்பாக்ஸ் பேரிங் உடைந்து ஓடாத நிலையில் இன்ன தேதியில் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவரப்பட்டது. கையெழுத்து, முத்திரை. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அவர் படித்தார். தாளை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "ரிப்பேரான வண்டிய வச்சிக்கிட்டு ஏன் ஓட்டுனீங்கன்னு கேப்பாங்க. சரி, அதுக்கு நான் ஏதாவது சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு, குறை சொல்கிற மாதிரி இல்லாமல், தனக்கே ஒரு சந்தேகம் மாதிரிக் கேட்டார்: "போன்லகூட கேட்டேனேண்ணே. சத்தம் ரொம்பக் கூடிப்போச்சு, இப்ப கடகடன்னு வருது, ஓட்டலாமா நிறுத்திடவான்னு. நீங்க ஓட்டுங்கன்னுதானே சொன்னீங்க?"

அந்த நிமிடத்தில்தான் அந்தப் போனில் அவர் என்ன கேட்டார் என்பது எனக்குத் தெரிய வந்தது.

அவர் வாசலைத் தாண்டிவிட்டார். நான் முருகையனைப் பார்த்தேன். நான் என்ன செய்யப்போகிறேன் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே, எழுத்துல வேணாம். நேர்ல வேணா போய் மன்னிப்புக் கேட்டுக்குவோம். ரெண்டு குடும்பம் இதுலதான் சாப்பிடுது" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அவன் பிள்ளை அப்போது கல்லூரியில் இருந்தான். அந்தத் தாள் அலுவலகத்துக்குப் போனால் ஊருக்கும் போகும். என்னை நம்பி இனி யார் கியர்பாக்ஸைத் திறக்கக் கொடுப்பார்கள்?

யோசிக்க எனக்கு அதிக நேரம் இல்லை. அவர் பஸ் நிறுத்தம் வரை போகிற நேரம்தான் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த அந்தப் பாதி உண்மை அவரைக் காப்பாற்றுவது போலக் காட்டி அவர் தலையிலேயே பழியை வைக்கும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. ஓடிப் போய் அவரைத் திரும்பக் கூட்டிவந்தேன். முதல் தாளை வாங்கிக் கிழித்தேன். வேறு தாளில் எழுதினேன். மூன்று வாரத்துக்கு முன்பே இவர் வண்டியைக் கொண்டுவந்தார். சத்தத்தைச் சரியாகச் சொன்னார். எனக்குக் காது கேட்காத காரணத்தால் பழுது இல்லை என்று சொல்லி அனுப்பினேன். போனில் மறுபடி கேட்டபோதும் அவர் சொன்னது காதில் விழாமலே ஓட்டச் சொன்னேன். வண்டி நின்றதற்கு நானே பொறுப்பு.

'காது கேட்காத' என்ற இடத்தில் பேனா நின்றது. அதை முதல் தடவையாக எழுத்தில் பார்த்தேன்.

டாக்டரம்மா படித்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து நின்று, சத்தத்தைக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "காது டாக்டர்கிட்ட போங்கண்ணே. இந்த வாரமே போங்க."

விசாரணைக்கு முன்னால் வசந்தா வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கே பிற்பகலில் போனேன். முருகையன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். வீட்டுக்கு முன்னால் முளைக்குச்சியில் அறுத்த கயிறு அப்படியே கிடந்தது. பக்கத்தில் புது வைக்கோல் போர். அந்தப் பெண் முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். நான் யார், எதற்கு வந்தேன், என்ன செய்தேன் என்று நின்றபடியே சொன்னேன். டாக்டர் மேல் தப்பில்லை, அவர் போன் வந்த உடனே கிளம்பினார் என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"என் மாடு மூணு மணி நேரம் கத்துச்சு. அது கேட்டிருக்குமா உங்களுக்கு?"

அவர் அந்த அறுத்த கயிற்றைப் பார்த்தபடியே மேலே பேசினார்.

"டாக்டரம்மா அன்னிக்குக் கன்ன எடுத்துப் போட்டுட்டு ஓரமா உக்காந்து அழுதுச்சு. லேட்டா வந்துட்டு நடிக்குதுன்னு நெனச்சேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மனுல நான் போட்ட கையெழுத்துக்கு நானே போய்ச் சொல்லிக்கிறேன். நீங்க கெளம்புங்க."

உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் அங்கே எப்படி நின்றிருப்பேன் என்று தெரியாது.

மறுநாள் விசாரணைக்கு வசந்தா நேரில் போய்ச் சொன்னார். என் கடிதமும் போனது. டாக்டரம்மா மேல் இருந்த புகார் அத்தோடு முடிந்தது.

காது பரிசோதனையில் ஒரு பெண் எனக்கு ஒவ்வொரு சத்தமாகப் போட்டுக் காட்டினார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். முதலில் தூக்கினேன். போகப்போக என் கை மடியிலேயே கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பது தெரிந்தது. பட்டறையில் சுத்தியல் சத்தத்திலும் என்ஜின் சத்தத்திலும் முப்பது வருடம் இருந்ததால் வந்தது, மெல்லிய கீச்சுச் சத்தம்தான் முதலில் போகும், கனத்த சத்தம் கடைசியில் போகும், போனது திரும்பாது என்றார் டாக்டர். தேய ஆரம்பிக்கும் பேரிங் மெல்லியதாகத்தான் கத்தும். கடகடக்கத் தொடங்கிவிட்டால் யார் காதிலும் விழும். ஆனால் அதற்குள் காலம் கடந்திருக்கும். காதில் மாட்டும் கருவி பேச்சுக்கு உதவியது. பேரிங்குக்கு உதவவில்லை.

அதற்குப் பிறகும் சில வருடம் வேலை பார்த்தேன். எங்கள் பட்டறையில் ஒரு நோட்டு போட்டோம். வண்டி கொண்டுவருகிறவர் சத்தத்தைப் பற்றி என்ன சொல்கிறாரோ, அதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வோம்: எந்தக் கியரில், கிளட்ச் மிதித்தபோதா விட்டபோதா, எத்தனை நாளாக. ஆயிலை வடித்துப் பார்க்காமல் 'ஒண்ணுமில்லை' என்று யாரையும் அனுப்பியதில்லை. கேட்கிற வேலை முருகையனுக்குப் போனது. வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பார்க்கும் வேலை எனக்கு. டாக்டரம்மா தன் வண்டியை எங்களிடமே விட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அடிக்கும்போதும் தட்டும்போதும் காதை மூடிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பக்கத்தில் வேலை செய்கிறவருக்கு ஒரு குறை வந்திருப்பது தெரிந்தால், அவருக்குத் தெரியாமல் அதைச் சரிசெய்துகொண்டே இருக்காதீர்கள். முருகையன் என்மேல் வைத்திருந்த பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் முதல் வண்டியிலேயே சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

காது கேட்காது என்று வாடிக்கையாளரிடம் நானே சொல்ல வேண்டி வந்த முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் வந்தவர் நெடுநாள் பழக்கம். "எனக்கு மெல்லிசான சத்தம் கேக்காதுங்க. நீங்கதான் கேட்டதச் சொல்லணும்" என்றேன். அவர் என் காதில் இருந்த கருவியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி வரவே இல்லை. மதியம் வந்தவர் பாபநாசம் பக்கத்து விவசாயி, புதிய ஆள். அவரிடமும் அதையே சொன்னேன். அவர் தன் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியை என் கையில் கொடுத்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்துக்கு எதிரே நெருங்கி நின்று, உரத்த குரலில், தன் வண்டியின் சத்தத்தைப் பற்றி முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தார்.